யார் கை வெச்சது?

கம்ப்யூட்டர் மெக்கானிக் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது மதிய வெயில் கூடம் வரை வந்திருந்தது. அக்கா கதவைத் திறந்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். உடன்பிறந்தவள் இல்லை; போன வாரம் பிரிண்டரைப் பழுது பார்க்க வந்த இடத்தில், டீயும் பேச்சுமாக ஒட்டிக்கொண்ட உறவு.

"நீ போனதிலேர்ந்து திரை ஒரே கறுப்பு, தம்பி. ஆனா ரூமுக்குள்ளே டைப் அடிக்கிற சத்தம் கேக்குது."

"எலியா இருக்கும்க்கா. வேலைக்கு மனுப் போடுதோ என்னவோ."

அவள் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்போ அந்த மேஜைப் பக்கமே யாரையும் விடமாட்டார். ஒரே ஒரு தடவை துடைச்சேன்." கோணலாய் நின்ற இரண்டு விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவனுக்கு உறுத்தியது. பிரிண்டரைப் பார்க்க வந்தவன், யாரும் கேட்காமலே மிஷினை ஓட்டும் லினக்ஸின் உயிர்நாடியான கெர்னலைப் புதிதாக மாற்றி ஏற்றியிருந்தான். இடத்தை அடைக்கிறதென்று பழையதை அழித்தும்விட்டான். திரைக்குப் படம் அனுப்பும் அந்தக் கிழட்டு கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் மென்பொருள் புதியதோடு ஒத்துப்போகவில்லை. திரும்பிப் போகப் பழையதும் இல்லை.

அதை அவளிடம் சொல்லவில்லை.

அறைக்குள் சிகரெட் நாற்றம். கம்ப்யூட்டர் பெட்டியின் விசிறி மூச்சிரைத்தது. நாற்காலியில் கை வைத்தான்.

சூடாக இருந்தது.

தரையில் உட்கார்ந்து, தன் லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிள் போட்டு மிஷினுக்குள் நுழைந்தான். திரை செத்தாலும் உள்ளே உயிர் இருக்கும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று வழக்கம்போல் மிஷினிடம் கேட்டுப் பார்த்தான். இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று, கேபிள் வழியாக வந்த அவன். மற்றது அவள் கணவன். அந்தக் கறுப்புத் திரையின் முன்னால். இப்போது.

டக்.

மேஜை மேல் கீபோர்டில் ஒரு பொத்தான் தானாக அமுங்கி எழுந்தது. பிறகு இன்னொன்று. அவன் லேப்டாப்பில் ஒரு வரி விழுந்தது.

'யார் கை வெச்சது?'

"சரியாயிடுமா, தம்பி?" வாசலிலிருந்து அக்கா கிசுகிசுத்தாள்.

நாற்றம் பிடரிக்கு வந்தது. அவன் இடது சுண்டுவிரலை ஏதோ பற்றியது. மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் வளைத்தது.

மற்றக் கையால் அடித்தான்: 'உங்க வீட்டம்மாதான்.'

பிடி விட்டது.

அவன் எந்த டிரைவரையும் தொடவில்லை. திரை பளிச்சென்று எரிந்தது.

"வந்துடுச்சா! நீ நல்லா இருப்பே, தம்பி!" முகமெல்லாம் மலர்ந்து அவள் உள்ளே வந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் கேபிளை உருவிக்கொண்டு வெளியேறினான்.

பின்னால் அறைக்கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து அவள் ஒருமுறை "தம்பி" என்று கூப்பிட்டாள்.

அவன் திரும்பவில்லை.

கடைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தான். இணைப்பு அறுந்து வெகுநேரமாகியிருந்தது. கீழே புதிதாக ஒரு வரி.

'பத்து விரலையும் ஒடிச்சுக் கேட்டுட்டேன். அவ இல்லையாம்.'

உட்காரத் தன் நாற்காலியைப் பிடித்தான்.

சூடாக இருந்தது.