வரிசை மாறாத மண்

செல்போன் அலறியது.

சுனைத் தண்ணீரில் அளவுகோலை முக்கிக்கொண்டிருந்த செந்தமிழ்ச்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை எட்டு மணிக்கு அவளை யார் கூப்பிடப் போகிறார்கள்? சிம் கார்டு கம்பெனிக்காரனைத் தவிர!

வயது நாற்பத்தொன்று. கல்வராயன் மலைச் சுனைகளைக் கணக்கெடுக்க வந்த சுற்றுச்சூழல் ஆய்வாளர். இரண்டரை வருடமாக வெள்ளிமலையில் ஒரே அறை, ஒரே தட்டு, ஒரே தம்ளர். கீழே வடக்கனந்தலில் அண்ணன் இருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் வாட்ஸப்பில் கரும்புப் படம் அனுப்புவார். உறவு அத்தோடு சரி.

"ஹலோ..."

"மேடம், இன்ஸ்பெக்டர் இளவரசன் பேசறேன். கல்வட்டம் இருக்குற மேட்டுக்கு உடனே வர்றீங்களா?"

"இன்னா சார் விஷயம்?"

"பொணம்!"

செல்வியின் கையிலிருந்த அளவுகோல் சுனைக்குள் விழுந்தது.

மேட்டுக்குப் போனபோது மூச்சு வாங்கியது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் செத்தவர்களைப் புதைத்து, சுற்றிலும் கல் நட்டு வைத்த இடம் அது. அறுபத்து மூன்று கல்வட்டங்கள். அதில் ஒன்றின் நடுவே குழி. குழியின் அடியில்...

புத்தம் புதுப் பிணம்!

"யாருன்னு தெரியுதா மேடம்?"

தெரிந்தது. சின்னசேலம் தெய்வசிகாமணி. கிரஷர் முதலாளி. இந்த மேட்டையே வெடி வைத்து ஜல்லியாக்க அனுமதி கேட்டு ஒற்றைக் காலில் நின்றவர். மூன்று நாளாக ஆளைக் காணோம். பின்மண்டை பிளந்திருந்தது.

"நரி தோண்டி ஒரு கால வெளிய இழுத்துருக்கு. இல்லன்னா சாமி சத்தியமா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார் இளவரசன்.

சற்றுத் தள்ளி நின்ற ஜீப்பிலிருந்து ஒரு குரல் கதறியது.

"அம்மா! நான் ஒண்ணும் பண்ணலீங்கம்மா!"

குப்பன். மேட்டை ஒட்டிச் சாமை விதைக்கும் மலைக்காரன். வாய் நீளம், மற்றபடி ஈ எறும்புக்குத் துரோகம் நினைக்காதவன்.

"குப்பன் ஏன் சார் ஜீப்புல?"

"போன வாரம் சந்தையில நாலு பேரு எதிர்ல சொல்லியிருக்கான். என் கொல்லையில மெஷின வுட்டா வெட்டிப் பொதைச்சிருவேன்னு. வெட்டவும் வெட்டிட்டான், பொதைக்கவும் பொதைச்சிட்டான். இன்னா வேணும் அதுக்கு மேல?"

"என்னை எதுக்குக் கூப்புட்டீங்க?"

"குழி பழசா, புதுசான்னு சொல்லணும். தொல்லியல் தீனதயாளன் சாருக்குத்தான் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்."

அந்தப் பெயரைக் கேட்டதும் செல்விக்கு லேசாகத் தெம்பு வந்தது. இந்த மலையில் அவளோடு பேசும் ஒரே மனிதர் அவர்தான். தினமும் மாலை ஆறு மணிக்கு மீனாவின் டீக்கடையில் இரண்டு டீ, ஒரு மணி நேரப் பேச்சு. மீதி இருபத்து மூன்று மணி நேரத்தை அவள் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் தள்ளிக்கொண்டிருந்தாள். அதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லும் வயதா இது?

குழியை எட்டிப் பார்த்தாள்.

கான்ஸ்டபிள் பிச்சைமுத்து மண்வெட்டியோடு உள்ளே நின்றார்.

"மேடம், இது இன்னா அதிசயம்ன்றேன்! மேல கருமண்ணு. அதுக்குக் கீழ செம்மண்ணு. அடியில சரளை. எப்டி இருந்துதோ அப்டியே வரிசையா ரொப்பி வச்சிக்கீறான். மூடுன குழி மாதிரியே இல்ல மேடம்!"

செல்வி குனிந்து குழியின் மூலைகளைப் பார்த்தாள்.

நான்கு மூலை. நான்கும் நூல் பிடித்து வெட்டிய மூலை. சுவர் நான்கும் துளி சாய்வில்லாமல் நேராக இறங்கின.

அவசரத்தில் பிணம் புதைக்கிறவன் மூலை எடுப்பானா? மூன்று மண்ணையும் மூன்று குவியலாகப் பிரித்து வைத்து, இருந்த வரிசையிலேயே திருப்பிக் கொட்டுவானா?

தொல்லியல் ஆய்வுக் குழியைத்தான் அப்படி வெட்டி மூடுவார்கள். இந்த மலையில் அதைச் செய்கிறவர் ஒருவர்தான்!

"இன்னா மேடம், மூஞ்சி வெளுத்துப்போச்சி?"

"பொணம் பாத்துப் பழக்கமில்ல சார்... புதுக் குழிதான்."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி நடந்தாள். குப்பனின் கதறல் அவள் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

தீனதயாளன் தன் ஓட்டு வீட்டில் லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க செல்வி! நம்ம ரிப்போர்ட் முடிஞ்சிது. முப்பத்தெட்டு சுனை உங்களுது, அறுபத்து மூணு கல்வட்டம் என்னுது. திங்கக்கெழம கள்ளக்குறிச்சியில கலெக்டர் கையில குடுத்துட்டா, எவனும் இந்த மேட்டுல கை வைக்க முடியாது!"

மேஜையில் அவருடைய போன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"போனை ஆஃப் பண்ணி வச்சிருந்தீங்களா சார்?"

"இல்லியே. காலையிலேந்து ஒரு கால் கூட வரல. ஏன்?"

செல்வி அதை யோசிக்கும் நிலையில் இல்லை.

"தெய்வசிகாமணி கெடச்சிட்டாரு சார். மூணு மண்ணுக்கு அடியில."

லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

மறுக்கட்டும் என்று செல்வி வேண்டிக்கொண்டாள். ஏதாவது பொய் சொல்லட்டும். நம்பிவிடலாம்!

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜேசிபிக்கு வழி பாக்க வந்தாரு. நாலு கல்லக் காலால எட்டி ஒதைச்சாரு. ரிப்போர்ட் போறதுக்குள்ள மொத்தத்தையும் வழிச்சிடுவேன்னு சிரிச்சாரு. என் கையில கடப்பாரை இருந்தது செல்வி..."

"கொன்னீங்க. சரி. எதுக்கு சார் அப்படி மூடுனீங்க?"

"வேற மாதிரி மூட எனக்குத் தெரியாதுங்க!"

சொல்லிவிட்டு அவர் குழந்தை போல் அழுதார். செல்விக்கும் அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"குப்பனைப் புடிச்சிட்டாங்க சார்."

"திங்கக்கெழம வரைக்கும் பொறுத்துக்கங்க. ரிப்போர்ட் போய்ச் சேரட்டும். அப்புறம் நானே போய்ச் சொல்லிடறேன். கொலகாரன் எழுதுனதுன்னு தெரிஞ்சா ரிப்போர்ட் குப்பைக்குப் போயிடும். மலையும் போயிடும்!"

மூன்றே நாள். செல்வி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மலை மிஞ்சும். சுனைகள் மிஞ்சும். இன்னும் மூன்று மாலை டீயும் மிஞ்சும்.

"மூணு நாள்ல அவனை அடிச்சே ஒத்துக்க வச்சிடுவாங்க சார். அப்புறம் நீங்க சொன்னாலும் யார் கேப்பாங்க? வர்ற வழியில பாத்தேன், அவன் பொண்டாட்டி வாசல்ல உக்காந்து அழுதுகினு இருக்குது. தனியா இருக்குறது எப்படின்னு எனக்குத் தெரியும்... அதை இன்னொருத்திக்குக் குடுக்க மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் நம்பரை அழுத்தினாள்.

ரிங் போனது.

ரிங்... வாசலுக்கு வெளியே கேட்டது!

கதவைத் தள்ளிக்கொண்டு இளவரசன் உள்ளே வந்தார்.

"கட் பண்ணுங்க மேடம். உங்க பின்னாடியே வந்து எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

செல்வி போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"நான் கரும்புக்குக் குழி வெட்டி வளந்தவன் மேடம். அந்த நாலு மூலையப் பாத்ததுமே இது விவசாயி கை இல்லன்னு தெரிஞ்சிபோச்சி. இந்த மலையில ஆராய்ச்சின்னு சுத்துறவங்க ரெண்டே பேரு. ஒண்ணு நீங்க, ஒண்ணு சாரு. உங்களைக் கூப்புட்டது குழியப் பாக்கச் சொல்ல இல்ல. குழியப் பாக்கும்போது உங்க மூஞ்சி எப்டி மாறுதுன்னு நான் பாக்க! சார் போனு ஸ்விட்ச் ஆஃப்ன்றது சும்மா வுட்ட டூப்பு."

"அப்போ குப்பன்...?"

"ஜீப்புல பரோட்டா துன்னுகினு கீறான். எப்ப அழணும்னு மட்டும் சொல்லிக் குடுத்தேன். கொஞ்சம் ஜாஸ்தியாவே அழுதுட்டான்."

தீனதயாளன் எழுந்தார். லேப்டாப்பை மூடி, செல்வியின் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே ஜீப்பில் ஏறினார்.

மாலை ஆறு மணி.

மீனா பழக்க தோஷத்தில் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிர் பெஞ்சு காலி. செல்வி அந்த இரண்டாவது டீயைப் பார்க்க முடியாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கும் ஆறு மணி வரும். நாளை மறுநாளும் வரும்.

இளவரசன் வந்து எதிரே உட்கார்ந்து, அந்த டீயைத் தைரியமாக எடுத்துக் குடித்தார்.

"இன்னா மேடம் யோசனை?"

"எல்லாம் போச்சு சார். ரிப்போர்ட்டு குப்பை. தெய்வசிகாமணியோட பசங்க நாளைக்கே ஜேசிபியை ஏத்துவாங்க. அறுபத்து மூணு வட்டமும் ஜல்லிதான்."

"ஏத்திடுவாங்களா? அடிவாரத்துலேந்து குழி வரைக்கும் மொத்த மேட்டையும் சம்பவ எடம்னு எழுதி, டேப்பு கட்டிட்டேன். கேஸ் முடியற வரைக்கும் கோர்ட்டு சொல்லாம ஒரு கல்ல எவனும் அசைக்க முடியாது!"

"கேஸ் முடிஞ்சிட்டா...?"

இளவரசன் டீத் தம்ளரை வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கவலையே படாதீங்க மேடம்... எங்க தாத்தா போட்ட வரப்புக் கேஸே இன்னும் வாய்தாவுலதான் கெடக்குது!"