நெற்றியில் வெள்ளைச் சாம்பல்

"அப்பா, கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளலாமோ?" காரின் பின்சீட்டிலிருந்து ஒரு சிறுமி ஒருமுறை கேட்டாள். ஓட்டியவர் சிரித்தார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த மில்லிக்கனில் ஒரு பெப்ரவரிப் புதன்கிழமை. காலை 6.10. பஸ் தரிப்பிடத்தருகே எமில்டா என்ற அறுபது வயதுப் பெண் கால் முறிந்து, நினைவின்றிப் பனியில் கிடந்தார். மோதிய வாகனத்தின் தடம் வளைவில் திரும்பாமல் நேரே நடைபாதையில் ஏறியிருந்தது. பிரேக் பிடித்த அடையாளமே இல்லை. ஓட்டியவர் தூங்கியிருக்கிறார்.

அம்புலன்சை அழைத்தவன் மாக்கஸ். இரவெல்லாம் பேக்கரிப் பாண் விநியோகிக்கும் வான் சாரதி. வானின் முன்பக்கம் முன்பே நெளிந்தது என்றான், பொலிஸார் நம்பவில்லை. லைசென்ஸ் போனால் வேலையும் போய்விடும்.

"நான் வரேக்கையே அன்ரி கிடந்தவ. நெத்தியிலை வெள்ளையாய்ச் சாம்பல் கிடந்தது."

அன்று விபூதிப் புதன். கத்தோலிக்கர் பூசையில் நெற்றியில் சாம்பல் இடும் நாள். எமில்டா கத்தோலிக்கர். சாம்பலை யாரும் பொருட்படுத்தவில்லை.

துப்பறியும் அதிகாரி நிரோஷினி அந்தத் தெருவில் வீடு வீடாக விசாரித்தாள். ஒரு வீட்டைத் தவிர எல்லோரும் அப்போதுதான் எழும்பியிருந்தார்கள். அந்த வீட்டு நவரட்ணம் தேநீர் கொடுத்தார்.

"நேற்றுச் சிவராத்திரி, பிள்ளை. விடிய விடியக் கோயில். கண்ணே மூடேல்லை." அந்தப் பெண்ணின் உயிருக்கு ஆபத்தில்லையே என்று இரண்டு தடவை கேட்டார்.

மாலையில் எமில்டாவுக்கு நினைவு திரும்பியது. பூசை எத்தனை மணிக்கு முடிந்தது என்று நிரோஷினி கேட்டாள்.

"எங்கை பூசை கண்டன்? போற வழியிலைதானே அடிபட்டன்."

நிரோஷினி நவரட்ணத்திடம் திரும்பிப் போனாள்.

"அங்கிள், சேர்ச்சிலை பூசுறது கறுப்புச் சாம்பல். அவ சேர்ச்சுக்குப் போய்ச் சேரவுமில்லை. மாக்கஸும் அவவைப் போல வேதக்காரன், அவனிட்டைத் திருநீறு ஏது? திருநீறு பூசின கை ஏன் அம்புலன்சுக்குப் போன் அடிக்கேல்லை? பயம். உங்கடை காரைப் பாக்கலாமோ?"

அவர் கார்த் திறப்பைத் தாமே எடுத்துவந்து கொடுத்தார்.

"வீட்டு வாசல் தெரிஞ்சது, பிள்ளை. அவ்வளவுதான் ஞாபகம். மோதினாப் பிறகுதான் முழிச்சன். இறங்கி, கையிலை இருந்த பிரசாதத் திருநீற்றைப் பூசினன். வான் வெளிச்சம் கண்டு ஓடிட்டன். கடவுளுக்காக முழிச்சிருந்தன், உந்த மனுசிக்காக முழிச்சிருக்கேல்லை. என்ரை மகள் சாம்பவி சின்னனிலை காரிலை கேட்டவள், கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளலாமோ எண்டு. நான் சிரிச்சனான்."

மாக்கஸ் வேலைக்குத் திரும்பினான். நவரட்ணம் குற்றத்தை ஒப்புக்கொண்டார், லைசென்ஸ் பறிபோனது.

அடுத்த மாரியில் பனி கொட்டிய ஒவ்வொரு காலையும், எமில்டா ஊன்றுகோலோடு கதவைத் திறக்கும்போது வாசலில் பனி வழித்து, வழுக்காமல் உப்புத் தூவியிருந்தது. டயர்த் தடம் இல்லை. ஒருவரின் காலடிகள் மட்டும் பஸ் தரிப்பிடம்வரை போயின.

யாரென்று பார்க்க எமில்டா ஒருநாளும் முன்கூட்டி எழும்பவில்லை.