பழைய லேப்டாப்பில் இருந்த நுரையீரல்கள்

மைசூர், விஜயநகர். 1998. திங்கட்கிழமை காலை.

டாக்டர் சீனிவாசன் தன் மாடி கிளினிக்கில் புது லேப்டாப்பைத் திறந்தார். காலி. பழையதைத் திறந்தார். அதுவும் காலி.

மூன்று வருட உழைப்பு போயிருந்தது. ஊருக்கு வெளியே இருந்த கல்மாவு ஆலைத் தொழிலாளிகளின் நுரையீரல் படங்கள், மூச்சுப் பரிசோதனைகள், ரகசியமாக வந்து காட்டிக்கொண்டவர்களின் பெயர்கள் எல்லாம் பழைய லேப்டாப்பில் மட்டுமே இருந்தன. மறுநாள் கோர்ட்டில் ஆலைமீது வழக்கு. பழையது அடிக்கடி நின்றுபோனதால்தான் புதிதாக ஒன்று வாங்கினார்கள். பிளாப்பிகளில் அள்ளி முடியாத அளவு. அதனால் இரண்டையும் கேபிளால் இணைத்து ஞாயிறன்று மாற்றிவிடும்படி ஆபரேட்டர் பிரசாந்திடம் சொல்லியிருந்தார்.

தொழிலாளிகளின் வக்கீல் ஜீவிதா படியேறி வந்தாள். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. பின்னாலேயே ஆலைத் தொழிலாளி கெம்பையன், இருமிக்கொண்டே.

“ஆலை கேட்டுலயே நிறுத்திப்போட்டாங்க டாக்டரய்யா. பேரு சொல்லிச் சொல்லி வெளிய தள்ளுனாங்க. உங்ககிட்ட வந்தவங்க மட்டுந்தானுங்க. ஒருத்தரும் தப்பலை.”

டாக்டர் நாற்காலியில் சரிந்தார். “இங்கே எல்லாமே அழிஞ்சு கிடக்கும்மா.”

“அழியறதுக்கு முன்னாடி ஆலைக்குப் போயிருக்கு,” என்றாள் ஜீவிதா. “இதை யார் யார் தொட்டாங்க?”

“சனிக்கிழமை சாயங்காலம் குமார் புதுசைக் கொண்டுவந்தான். பழசையும் கொஞ்ச நேரம் தனியா நோண்டிண்டிருந்தான். அந்த ஆலைக்கும் அவன்தான் கம்ப்யூட்டர் விக்கறான். நேத்து நான் மேல்கோட்டை கோயிலுக்குப் போயிட்டேன். பிரசாந்த் மட்டும் இருந்தான்.”

ஜீவிதா பழைய லேப்டாப்பைத் திருப்பினாள். பின்பக்கம் அகலமான சாக்கெட் ஒன்றே ஒன்று. மாற்றும் கேபிள் அதில் இறுக்கமாகச் செருகியிருந்தது. பிரிண்டரின் கேபிள் தரையில் கிடந்தது.

பிரசாந்த் கதவோரம் நின்றிருந்தான்.

“நேத்து என்ன செஞ்ச?”

“பழசுல இருந்ததைப் புதுசுக்குக் காப்பி பண்ணேன் மேடம். காலைல கேபிள் மாட்டுனேன்.”

“எப்ப முடிஞ்சது?”

“சாயங்காலம்.”

“நடுவுல கழட்டினியா?”

“கழட்டுனா காப்பி அறுந்துடும் மேடம். கைகூட வைக்கல. பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். முடிஞ்சப்ப எல்லாம் இருந்துச்சு. குமார் குடுத்த புது மிஷின்ல வைரஸ் இருந்திருக்கும். ரெண்டையும் தின்னுடுச்சு.”

குமாரை வரவழைத்தார்கள். அவன் வாசலிலேயே கத்தினான்.

“வைரஸ்ஸா? டாக்டர் முன்னாடிதானே டப்பாவைப் பிரிச்சேன்? புதுசுல கேபிள் காப்பிக்கு வேண்டியதை மட்டும்தான் ஏத்துனேன். பிரிண்டரை ஓட்டற டிஸ்க் இன்னும் என் பைக்குள்ளயே இருக்கு. பாருங்க!”

“ஆலைக்கு நீங்கதானே கம்ப்யூட்டர் சப்ளை?” என்றாள் ஜீவிதா.

“ஆமா. அதுக்காக? சோறு போடறவன் காலை நக்குவேன்னு நினைச்சீங்களா?”

இந்தச் சத்தத்தில் கீழ்வீட்டுக்கார மல்லம்மா மேலே வந்துவிட்டாள்.

“ஏனம்மா இது? நேத்தெல்லாம் அந்த பிரிண்டரு கர்ர்ர் கர்ர்ர்னு தலைமேல ஓடுச்சு. மத்தியானம் கண்ணு மூட விடல. சாக்கு சாக்கு, போதும்னு ஆயிடுச்சு எனக்கு. இன்னிக்கு ஜகளா, சண்டையா?”

ஜீவிதா மெல்லத் திரும்பினாள்.

“பிரசாந்த். நேத்து என்ன பிரிண்ட் எடுத்த?”

“சும்மா... டெஸ்ட் பண்ணேன்.”

“எந்த மிஷின்ல இருந்து?”

அவன் கண் தரையில் கிடந்த பிரிண்டர் கேபிளுக்குப் போனது.

“நான் சொல்றேன். புதுசால பிரிண்ட் பண்ணவே முடியாது. அதுக்கு வேண்டிய டிஸ்க் குமார் பைக்குள்ள கிடக்கு. அப்ப பழசுதான். பழசுக்கு இருக்கறது ஒரே சாக்கெட். அதுல பிரிண்டர் இருந்தா காப்பி கேபிள் மாட்ட இடமில்ல. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கேபிள்ல கைவைக்கலன்னு நீயே சொன்ன. நேத்து நீ காப்பியே பண்ணல. பேரு, படம், பரிசோதனை எல்லாத்தையும் அடிச்சு எடுத்து ஆலைக்குக் குடுத்த. அப்புறம் டிஸ்கை அழிச்சுட்டு, எங்களுக்குக் காட்ட இந்தக் கேபிளைச் செருகி வச்ச.”

“அங்கே பர்மனென்ட் வேலை தர்றேன்னாங்க மேடம்...” என்று முனகினான் பிரசாந்த்.

கெம்பையன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார். “எங்க வேலையப் புடுங்கியா உனக்கு வேலை? ரத்தங்கக்கிட்டு கெடக்கறான் எந்தம்பி! அவம் பேரையுமாடா குடுத்த?”

அடி விழும் முன் இருமல் வந்து அவரை மடக்கியது. ஜீவிதா அவரைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு போலீசுக்குப் போன் செய்தாள்.

குமார் கேட்காமலேயே பழைய லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தான். “அழிச்சதுக்கு மேல எதையும் எழுதல, முட்டாள். மீட்டுடலாம். யாரும் இதைத் தொடாதீங்க.”

பிற்பகலில் திரையில் கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன. சில கெட்டிருந்தன, பெரும்பாலானவை பிழைத்திருந்தன. குமார் கேபிளின் மறுமுனையைப் புதியதில் செருக, நுரையீரல் படங்கள் மெதுவாக அந்தப் பக்கம் போகத் தொடங்கின.

“கோர்ட்டுக்குக் குடுக்கற காப்பில பேரையெல்லாம் மறைச்சுடலாம்,” என்றார் டாக்டர்.

“எதுக்குங்க?” கெம்பையன் நிமிர்ந்தார். “வேலை போகுமேன்னுதான் இத்தனை நாளும் ஒளிஞ்சுக்கிட்டம். அதான் போயிருச்சே. எம் பேரு, எந்தம்பி பேரு, எல்லாம் பெருசாப் போடுங்க. நாளைக்கு நானே வந்து சட்டையக் கழட்டி நெஞ்சைக் காட்டறன்.”

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஆலை விரட்டிய மற்றவர்களும் இருமியபடி ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.