பென்சில் மரியாதை

காலை 10.15. பொருளியல் விவாத வட்டத்தின் அலமாரியைத் திறந்த அக்கா, தட்டுத் தட்டாக இரண்டு முறை தேடினாள். வட்டத்தின் முதல் இருபது வருடக் கூட்டங்கள் பதிவான குறிப்பேடு அங்கே இல்லை. பூட்டு உடையவும் இல்லை.

10.50. தங்கை வந்து சேர்ந்தாள். தங்கை என்றால் காவல் ஆய்வாளர். ஆனால் அக்கா இருக்கிற இடத்தில் யார் அதைச் சட்டை செய்தார்கள்? பள்ளிக்கூட வாத்தியார் முதல் இன்று வாசலில் நின்ற காவலாளி வரை எல்லோருக்கும் ஒரே பாட்டுதான்: "நீங்க அவங்க தங்கச்சியா?" கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கூட்டம்டி," என்றாள் அக்கா. "வட்டத்தோட அறுபது வருஷ வரலாறு. மூணு வருஷமா எழுதியிருக்கேன். மூலத்தோட ஒத்துப்பாத்து எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் அச்சுக்குப் போகும். இப்ப மூலமே இல்ல. கடைசியா அதைத் தொட்டது நான்தான்னு என்னையே ஒரு மாதிரி பாக்குறாங்க."

தங்கைக்கு ஒரு நொடி உள்ளுக்குள் இனித்தது. அடுத்த நொடி தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"கடைசியா எப்ப பாத்த?"

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு வெச்சுப் பூட்டினேன். அப்புறம்தான் நான் எழுதினதுல ஆளுக்கொரு பிரதி குடுத்தேன். பென்சில் மரியாதைக்கு."

அது வட்டத்தின் வழக்கம். எந்தக் கட்டுரையும் விவாதத்துக்கு வருமுன் உறுப்பினர்கள் அதைப் பென்சிலும் கையுமாகப் படித்து, குறித்து, கையெழுத்திட்டு எழுதியவரிடமே திருப்பித் தர வேண்டும். அக்காவைத் தவிர அலமாரிச் சாவி வைத்திருந்த மூவருக்கும் பிரதி போயிருந்தது.

11.20. முதலில் பேராசிரியர். வயது எண்பத்தைந்து. வட்டத்தைத் தொடங்கியவர்களில் மிஞ்சியவர் இவர் ஒருவர்தான்.

"வரலாறு நான் எழுதியிருக்கணும்," என்றார் எடுத்த எடுப்பில். "வாழ்ந்தவன் நான். எழுதறது அவங்களா?"

"அலமாரியைத் திறந்தீங்களா?"

"அந்தப் பக்கம் போயே ஆறு மாசமாச்சு."

11.45. ஓய்வு பெற்ற வங்கிக்காரர். அமைச்சரின் ஆலோசகரை ஒரே கேள்வியில் மடக்கியவர் என்று நாற்பது வருடமாக ஊரெல்லாம் பெயர். அக்காவின் வரலாறோ, அன்றைக்கு அவர் கூட்டத்துக்கே வரவில்லை என்கிறது.

"குறிப்பேடு இல்லாம போனா உங்களுக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா நான் எடுக்கல. சாவி எங்க இருக்குன்னே என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்."

12.10. செயலாளர். அக்காவின் வகுப்புத் தோழர். அவள் முதலிடம், இவர் இரண்டாமிடம், ஐந்து வருடமும்.

"அவங்களுக்கு நிகர் அவங்கதான் மேடம்."

"அலமாரி?"

"ஒரு வருஷமா தொடவே இல்ல."

1.30. மூன்று பிரதிகளும் திரும்பி வந்தன. அக்கா சோர்வாகப் புரட்டினாள். "பேராசிரியர் பக்கத்துக்குப் பத்து காற்புள்ளி போட்டிருக்கார். வங்கிக்காரர் தன்னைப் பத்தின பத்தியையே அடிச்சிட்டார். செயலாளர் ஒரு அடிக்குறிப்புல பக்க எண் நாப்பத்தொண்ணை நாப்பத்திமூணு ஆக்கியிருக்கார், மழை ஒழுகி தாழ்வாரத்துல கூட்டம் நடந்துச்சே, அந்த இடத்துல. மூலமே இல்லாம இதையெல்லாம் வெச்சு என்னடி பண்றது?"

தங்கை அந்தப் பிரதிகளை வாங்கி வைத்துக்கொண்டாள்.

4.00. வட்ட மேசை. மூவரும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை நின்றபடியே கேட்டாள்.

"செயலாளர் சார், மழை ஒழுகின கூட்டம் குறிப்பேட்டுல நாப்பத்திமூணாம் பக்கம்னு எப்படித் தெரிஞ்சுது?"

"ஞாபகம்தான்."

"உங்க கல்யாண நாள் ஞாபகம் இருக்கா?"

வங்கிக்காரர் பக்கென்று சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை.

"அந்த எண் தப்புன்னு எழுதின அக்காவுக்கே தெரியாது. மூலத்தைப் பக்கத்துல விரிச்சு வெச்சிருந்தவருக்குத்தான் தெரியும். பிரதி உங்க கைக்கு வந்தது, அக்கா அலமாரியைப் பூட்டின பிறகு. அலமாரியை ஒரு வருஷமா தொடலன்னு நீங்களே சொன்னீங்க. குறிப்பேடு உங்ககிட்டதான் இருக்கு."

செயலாளர் பையைத் திறந்து குறிப்பேட்டை மேசையில் வைத்தார்.

"இவ தப்பையெல்லாம் பட்டியல் போட்டுக் கூட்டத்துல வாசிக்கலாம்னு எடுத்தேன். விடிய விடிய ஒத்துப்பாத்தேன். முந்நூறு பக்கத்துல அந்த ஒண்ணுதான் கிடைச்சுது. ஒரு தப்பை வெச்சு என்ன பண்றது? குறிப்பேடே வராம போகட்டும்னு நினைச்சேன்."

"அப்புறம் ஏன் திருத்தினீங்க?" பேராசிரியருக்கு அதுதான் தாங்கவில்லை.

"அவ தப்பு பண்ணியிருக்கா சார். அதை நான் கண்டுபிடிச்சேன். சொல்லாம எப்படி இருக்கிறது?"

6.30. எல்லோரும் கையெழுத்திட்டு முடித்திருந்தார்கள். செயலாளரும் இட்டார், கடைசியாக. புகார் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அக்காவும் தங்கையும் படியிறங்கினார்கள். "அந்த அடிக்குறிப்பை நானும்தானே பாத்தேன்," என்றாள் அக்கா. "எனக்கு ஏன்டி தோணல?"

"உனக்குத் தோணாதுக்கா. நீ யாரைப் பாத்தும் வயிறெரிஞ்சதில்ல."

அக்கா நின்றாள்.

"போன மாசம் எனக்கு ஒரு பிரதி குடுத்தியே, படிக்க நேரமில்லன்னேன்ல? படிச்சேன். ரெண்டு தடவை. ஒரு எழுத்துப்பிழையாவது சிக்காதான்னு, வரி வரியா."

"சிக்குச்சா?"

"இல்லக்கா," என்று சொல்வதற்குள் ஆய்வாளருக்கு அழுகை வந்துவிட்டது.