பூஜை போட்ட பிஸ்டல்

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே, மாடி அறையில் இருந்த துப்பறிவாளர் ராஜாமணியிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மற்ற இடங்களில் கேட்டுச் சலித்தவர்கள். சசிரேகாவும் அப்படித்தான் வந்தாள்.

"எம் புருஷன் கார்முகில் விபத்துல செத்தான்னு போலீஸ்ல எழுதப் போறாங்க சார். விபத்தா, கொலையா? எனக்கு அது தெரிஞ்சாவணும்."

1991 ஆயுத பூஜைக்கு மறுநாள் நடந்த சம்பவம் அது. ஒரகடம் அருகே ரகுபதியின் பட்டறையில், பிரஸ் இயந்திரத்தில் விரல்களை இழந்த ஒருவனை மீண்டும் வேலைக்கு எடுக்கச் சொல்லித் தொழிலாளர்கள் வாசல் கேட் அருகே கூடினார்கள். ரகுபதி பூஜையில் இருந்த தன் பிஸ்டலை எடுத்து வந்தார். லேத்துக்கும் லாரிக்கும் பூசியதுபோல அதற்கும் சந்தனத்தை அப்பியிருந்தார்கள். அந்த முதலாளிக்கு அதுவும் தொழில் கருவிதான் போலிருக்கிறது! இரண்டு குண்டுகள் வெடித்தன. முன்னால் நின்ற கார்முகில் நெஞ்சில் அடிபட்டு விழுந்தான்.

"வானத்தைப் பார்த்து ஒரு தடவைதான் அழுத்தினேன்," என்றார் ரகுபதி. "கை இறங்கும்போது தானா இன்னொண்ணு வெடிச்சிடுச்சு. அவன் விழுந்ததும் பயந்து கீழே போட்டுட்டேன். எங்கப்பா காலத்துத் துப்பாக்கி சார். குறியும் நிக்காது, நம்பவும் முடியாது."

"ரெண்டு சத்தமும் ஒண்ணா வந்திச்சி சார்," என்றார் சூப்பர்வைசர் தசரதன். தொழிலாளர்களும் வார்த்தை மாறாமல் அதையே ஒப்பித்தார்கள்.

"பழைய துப்பாக்கி, கெட்ட நேரம். அவ்ளோதான் சார்," என்றான் ராஜாமணியின் உதவியாளன் லோகேஷ்.

"பழசுன்னா கெட்டதுன்னு யாருப்பா சொன்னது?" என்றார் ராஜாமணி.

இன்ஸ்பெக்டர் பிஸ்டலைக் காட்டினார். தரையில் கிடந்ததை அவரே எடுத்திருந்தார். அதுவரை யாரும் தொடவில்லை. மூன்றாவது தோட்டா சுடத் தயாராக உள்ளே ஏறியிருந்தது. காலித் தோட்டா வெளியேறும் பக்கவாட்டுத் திறப்பில் காய்ந்த சந்தனத் தூள் கிடந்தது. இரண்டு காலித் தோட்டாக்களில் ஒன்று ஒழுங்காக இருந்தது. மற்றொன்றின் வாய் நசுங்கி, அதில் சந்தனம் ஒட்டியிருந்தது.

பிறகு துப்பாக்கி நிபுணர் பிஸ்டலைச் சுத்தம் செய்து, வைஸ் என்ற பட்டறை இடுக்கியில் இறுக்கிச் சுட்டுப் பார்த்தார். இலக்கில் விழுந்த துளைகள் எல்லாம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கின. ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான்.

ராஜாமணி எல்லோரையும் பட்டறையில் கூட்டினார். சசிரேகா ஓரமாக நின்றாள்.

"குறி தப்பலை. அது நல்ல துப்பாக்கி," என்று ஆரம்பித்தார். "ஒரு தடவை சுட்டா மேல்பகுதி பின்னால போய்க் காலித் தோட்டாவை வெளியே தள்ளும். திரும்பி வரும்போது அடுத்ததை ஏத்திக்கும். ஆனா சந்தனத் தூள் விழுந்ததால ஒரு காலித் தோட்டா வெளியே போகாம நடுவுல மாட்டி நசுங்கியிருக்கு."

"அது ரெண்டாவதா இருக்கலாமே சார்?" என்றான் லோகேஷ்.

"ரெண்டாவது மாட்டியிருந்தா மூணாவது எப்படி ஏறும்? சுட்டதும் கீழே போட்டுட்டார், யாரும் தொடலை. அப்போ மாட்டினது முதல் குண்டோட காலித் தோட்டா. மாட்டின துப்பாக்கி தானா வெடிக்காது. கையால இழுத்து, காலித் தோட்டாவை உதறி, மறுபடி நீட்டி அழுத்தினாத்தான் வெடிக்கும்." அவர் திரும்பினார். "வானத்தைப் பார்த்துச் சுட்டது நிஜம். துப்பாக்கி மாட்டிக்கிச்சு. எல்லார் எதிர்லயும் அதைச் சரிபண்ணி, கார்முகிலைக் குறி பார்த்துச் சுட்டீங்க, ரகுபதி."

தசரதன்தான் முதலில் உடைந்தார்.

"சிக்கிக்கிச்சின்னதும் நாங்க சிரிச்சோம் சார். முதலாளி அதைப் போட்டு இழுத்துகினு இருந்தாரு. அப்புறம்... அவரு ஜெயிலுக்குப் போனா பட்டறைய மூடிடுவாங்கன்னு பயந்துட்டோம். எங்களுக்கும் வூடு வாசல் கீது."

இன்ஸ்பெக்டர் ரகுபதியின் தோளில் கை வைத்தார். லோகேஷுக்கு வெற்றிக் களிப்பு தாங்கவில்லை. "கொலைன்னு நிரூபிச்சிட்டோம்மா," என்றான்.

சசிரேகா அவனைக் கவனிக்கவில்லை. தொழிலாளர்களைப் பார்த்தாள். எல்லோரும் கார்முகிலோடு ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்.

"அந்தாளு அதைச் சரிபண்ற வரைக்கும் பாத்துகினு நின்னீங்களா? ஒருத்தனாச்சும் போய்க் கையப் புடிச்சிருக்கலாமே?"

அவள் ராஜாமணியிடம் திரும்பினாள்.

"ஒருத்தன் கொன்னானான்னு கேக்கத்தான் சார் வந்தேன். இத்தினி பேரா?"