ஆறு பத்து பஸ்ஸும் ஊதாக் குடையும்

காதல் கதை என்றால் முதல் பார்வை என்று ஒன்று இருந்தாகவேண்டும். இதிலும் இருந்தது... ஆனால் பார்த்தவனுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

கண்ணாடிக் கடைக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. வாசலில் 'சர்வதேசப் பார்வை ஆய்வகம்' என்று முதலாளி பெயர்ப்பலகை மாட்டியிருந்தார். உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரில் எழுத்துப் பலகை, கண் சோதிக்க அவள். சர்வதேசம் அத்தோடு முடிந்தது.

நாற்காலியில் இருந்தவன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கணீரென்று ஒப்பித்தான். என்ன குரல்... எங்கேயோ கேட்டிருக்கிறாள். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"பிரமாதம் சார். ஆனா நான் பலகையைத் திருப்பிட்டேன். நீங்க சொன்னது அந்தப் பக்கம்."

கண்ணைப் பொத்தியிருந்த கை மெல்ல இறங்கியது.

"உள்ள உட்காருங்கன்னு சொல்லிட்டு நீங்க அரைமணி நேரம் காணோம். சும்மா எழுந்து போய்க் கிட்டத்துல பார்த்தேன். ஒரு தடவை படிச்சா மனசுல தங்கிடும். என் தொழில் அப்படி மேடம்."

"தூரத்துல இருக்கறது தெரியலையே. கண்ணாடி போட்டுக்கிட்டா லைசென்ஸுக்குக் கண் சீட்டு எழுதித் தர்றேன்."

"நாளன்னிக்கு பதினொன்னே காலுக்கு எனக்கு லேர்னர்ஸ் டெஸ்ட். ரெண்டு மாசம் காத்திருந்து கிடைச்ச அப்பாயின்மென்ட். கேள்விப் புத்தகத்தை எங்கேருந்து வேணும்னாலும் கேளுங்க, சொல்றேன்."

"எதிர்ல லாரி வந்தா?"

"சத்தம் கேக்குமே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடமை என்று ஒன்று இருப்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க வம்சத்துலயே யாரும் கண்ணாடி போட்டதில்ல," என்றான் நிமிர்ந்து உட்கார்ந்து.

"நான் வம்சத்துக்குச் சீட்டு எழுதல சார்."

அவன் கோபமாக எழுந்தான். மேஜைக்குப் பக்கத்தில் வந்ததும் பாதி திறந்திருந்த இழுப்பறை கண்ணில் பட்டது. கிட்டத்தில் இருப்பதெல்லாம் அவனுக்கு நன்றாகவே தெரியும். அதே கேள்விப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

"நீங்களும் எழுதறீங்களா? சொந்தக் காரா? கூட யார் உட்காரப் போறாங்க? எனக்கு மச்சான் கையெழுத்துப் போட்டிருக்கார்."

சாதாரணமாகத்தான் கேட்டான். அவள் இழுப்பறையைப் படாரென்று மூடினாள்.

"உங்க வேலையைப் பாருங்க."

பணத்தை வைத்துவிட்டு, சீட்டு இல்லாமலே போனான். தன்மானத்தில் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் மழை. பஸ் நிலையத்தில் இரண்டாவது தூணருகே, வழக்கம்போல, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே ஊதாக் குடையை விரித்துக்கொண்டு நின்றாள். கூரை என்று ஒன்று இருந்தது. ஒழுகுவதுதான் அதன் முழுநேர வேலை.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு... ஆறு பத்துக்குப் புறப்படும் பேருந்து தற்போது நிலையத்திற்குள் வந்துகொண்டிருக்கிறது. பயணிகளின் பொறுமைக்கு நன்றி."

தூக்கிவாரிப் போட்டது. அட... இந்தக் குரல்!

நிலையத்துக்குள் ஒரு பஸ்ஸும் வந்துகொண்டிருக்கவில்லை. என்றைக்கும் வந்ததில்லை. ஆறு பத்து பஸ் ஆறு முப்பத்தைந்துக்குத்தான் வரும். நான்கு வருஷமாக இந்த ஆள் கண்ணுக்குத் தெரியாத பஸ்ஸை மனப்பாடத்திலிருந்து வரவழைத்துக்கொண்டிருக்கிறான்!

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால்... கடையில் யாரும் அவளுக்கு நன்றி சொல்வதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் சொல்ல ஆளில்லை. ஒரு நாளில் அவள் காதில் விழும் ஒரே நன்றி அந்த ஒலிபெருக்கியுடையது. அதற்காகவே சில நாள் கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

வீட்டு வாசலில் அப்பாவின் கார் உறை போர்த்திக் கிடந்தது. அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவாள். இண்டிகேட்டரைப் போடுவாள். அது டிக்டிக்கென்று அடித்துக்கொள்ளும். கொஞ்சநேரம் கேட்டுவிட்டு அணைப்பாள்.

அண்ணன் வெளிநாட்டிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்வான். "வித்துடும்மா. ஒத்தை ஆளு, கார் எடுத்துக்கிட்டு எங்க போகப் போறே?"

அதுவும் சரிதான். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'சொந்த வண்டியில் பழகுபவர்கள்: உரிமம் பெற்று உடன் அமர்பவர் பெயர்.' புத்தகத்தில் இருநூறு கேள்விக்கும் பதில் தெரியும். இந்தக் கட்டத்துக்குத் தெரியாது. மூன்று முறை அப்பாயின்மென்ட் வாங்கி, மூன்று முறையும் போனில் 'ரத்து செய்' என்பதைத் தட்டியிருந்தாள். நான்காவது வருகிற வாரம்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனதும் தன் சோதனைத் தாளில் அவனுக்கு எழுதியிருந்த பவரைப் பார்த்தாள். தயாராக வர மூன்று நாள் ஆகும் கண்ணாடி. மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, லென்ஸைத் தானே இயந்திரத்தில் கொடுத்து ஓரம் தேய்த்து, ஃப்ரேமில் பொருத்தினாள். ஒரு வாடிக்கையாளருக்குச் செய்கிற சேவை என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டாள். இரண்டு தடவை.

ஆறு மணிக்கு பஸ் நிலையத்து மாடியில் அறிவிப்பு அறையின் கதவைத் தட்டினாள். மைக், மின்விசிறி, நிலையத்தைப் பார்க்கிற ஒரு ஜன்னல். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"கோவிச்சுக்கிட்டு வந்திருக்கீங்களா?"

"டெலிவரி." கண்ணாடிக் கூட்டையும் சீட்டையும் நீட்டினாள். "போட்டுக்கிட்டு ஜன்னல் வழியாப் பாருங்க."

மைக் முன்னால் மலையருவி மாதிரி கொட்டுகிறவனுக்கு மைக் இல்லாமல் வார்த்தை வரவில்லை.

"இது... ஆபீஸுக்குத் தெரிஞ்சா... பதினாலு வருஷமா கண்ணு தெரியாமதான் சொன்னியான்னு கேப்பாங்க... வேலை போயிடும்."

"இன்னிக்கு முதல் தெரிஞ்சு சொல்லுங்க. யாரு கேக்கப் போறா?"

போட்டுக்கொண்டான். ஜன்னலைப் பார்த்தான். மழைத் துளிகள் தனித்தனியாக விழுவதை இப்போதுதான் பார்க்கிறானோ என்னவோ... வெகுநேரம் திரும்பவில்லை.

"அந்த ரெண்டாவது தூண் காலியா இருக்கே," என்றான் தவிப்போடு. "தினம் இந்த நேரத்துக்கு அங்க ஒரு ஊதா நிக்கும். ஆளா, மூட்டையா, ஒண்ணும் தெரியாது. கலங்கலா ஒரு ஊதா. அது மறைஞ்சா ஆறு பத்து கிளம்பிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம்தான் அடுத்த பஸ்ஸைச் சொல்லுவேன். அது நிக்கற வரைக்கும் எனக்கு... யாரோ கூட இருக்கற மாதிரி இருக்கும்."

அவள் கையிலிருந்த குடையிலிருந்து தரையில் நீர் சொட்டியது. அவன் திரும்பினான். குடையைப் பார்த்தான். பிறகு, கதையில் முதல் தடவையாக, அவளைப் பார்த்தான்... அகலமான, தூங்காத, இதுவரை மற்றவர்கள் கண்ணை மட்டுமே சோதித்த அந்தக் கண்களை.

"நீங்களா?"

"நான்தான். நாலு வருஷமா வராத பஸ்ஸுக்கு நனைஞ்சவ."

"மன்னிச்சிடுங்க," என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "பொறுமைக்கு நன்றின்னு சொல்றேன் பாருங்க... மத்த எந்த பஸ்ஸுக்கும் அதைச் சொல்றதில்ல. கவனிச்சிருக்கீங்களா?"

அவள் மற்ற எந்த பஸ்ஸுக்கும் நின்றதில்லை. எப்படிக் கவனிப்பாள்? பதிலுக்கு, யாரிடமும் சொல்லாத அந்த விண்ணப்பக் கட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

அவன் யோசித்தான். "நாளைக்குப் பாஸானாலும் எனக்கு லைசென்ஸ் வர மூணு மாசம் ஆகும். அதுக்கு முன்னாடி நான் பக்கத்துல உட்கார்ந்தா ரெண்டு பேருக்கும் அபராதம்."

"தெரியும். எழுபத்தி மூணாவது கேள்வி."

"மூணு மாசம்... காத்திருப்பீங்களா?"

"காத்திருக்கறதுல எனக்கு நீங்கதான் டிரெய்னிங் குடுத்திருக்கீங்க."

மணி ஆறு பத்து. அவன் மைக்கைத் திறந்தான். ஜன்னலைப் பார்த்தான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஆறு பத்துக்குப் புறப்படும் பேருந்து... இன்னும் வரவில்லை." கீழே நின்ற கூட்டம் அண்ணாந்து பார்த்தது. "பயணிகளின் பொறுமைக்கு..."

நிறுத்தினான். மைக்கை அணைத்தான். அவள் பக்கம் திரும்பி, ஒருத்திக்கு மட்டும் கேட்கும்படி, மீதியைச் சொன்னான்.

அவள் போனை எடுத்து அடுத்த வார அப்பாயின்மென்டைத் திறந்தாள். 'ரத்து செய்' என்பதற்குக் கீழே இன்னொரு பொத்தான் எப்போதும் இருந்திருக்கிறது. இதுவரை தொட்டதில்லை.

'தேதி மாற்று.'

மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைத் தட்டினாள்.