நேரில் வந்தவர்

பொன்வாகைத் தனியார் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கூடத்தில் அன்று நாற்பது பேராசிரியர்கள் வரிசையாக நின்றார்கள். சித்திரை வெயிலிலும் ஒருவருக்கும் வியர்க்கவில்லை. எல்லோரும் நிழலுருக்கள், கூரையிலிருந்த ஒளிவார்ப்பி காற்றில் வரைந்த ஆட்கள். வருடம் முழுக்க வகுப்புப் பக்கம் தலைகாட்டாதவர்கள், மருத்துவக் கல்வி ஆணையத்தின் அங்கீகார ஆய்வு என்றால் மட்டும் ஜம்மென்று வந்து நிற்பார்கள்.

இறுதியாண்டு மாணவி நிறைமதிக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடத்தில் ஒரு மனிதக் கைகூட அவள் கையைப் பிடித்துக் காயத்துக்குத் தையல் போடக் கற்றுத்தரவில்லை. அடுத்த மாதம் பட்டம். அதன்பின் அவளிடம் வரப்போவதோ நிஜ உடம்புகள்.

"வாயத் தொறக்காதம்மா," என்றார் பதிவாளர் தணிகாசலம். "அங்கீகாரம் போச்சுன்னா உன் பட்டமும் போச்சு."

ஆய்வுக்கான ஆணையர் உள்ளே நுழைந்ததும் அவள் வாயைத் திறந்துவிட்டாள். "சார், இவங்கள்ல ஒருத்தரையாவது தொட்டுப் பாருங்க சார்!"

ஆணையர் புன்னகைத்தாரே தவிர அசையவில்லை. நிறைமதி அவர் கையைப் பிடித்து இழுக்கப் போனாள். அவளுடைய விரல்கள் அவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்தன.

"அடப்பாவிங்களா! நீங்களும் வரலையா?"

"ஒரே நாள்ல எத்தனை காலேஜுக்குத்தான் அவர் நேர்ல போவாரு?" என்று தணிகாசலம் சலித்துக்கொண்டார்.

ஆனால் ஆய்வாளரான ஆணையர் நேரில் வந்தே தீரவேண்டும் என்பது சட்டம். அதற்காகவே மேசைமேல் ஒரு முத்திரைப்பெட்டி இருந்தது; உயிருள்ள விரலின் சூடு பட்டால்தான் அது தீர்ப்பைப் பதியும். யாருடைய விரல் என்று மட்டும் கேட்காது. கேட்காதபடி பார்த்துக்கொண்டவர்கள் கல்லூரி முதலாளிகள். ஆணையருக்குப் பதிலாக வருடாவருடம் தணிகாசலமே விரல் வைத்துவந்தார்.

இம்முறை அவர் கையை நீட்டுவதற்குள் நிறைமதி பெட்டியை வெடுக்கென்று பிடுங்கினாள். அதன் திரையில் 'அங்கீகாரம் ரத்து' என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

"ஆய்வாளரே, இங்கே பயிலும் அனைவரின் படிப்பும் செல்லாததாகிவிடும். உறுதி என்றால் விரல் வையுங்கள்," என்றது பெட்டி.

"உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிறியே, பைத்தியமா உனக்கு?" தணிகாசலம் அலறினார்.

நிறைமதிக்கு அழுகை முட்டியது. ஊரில் அம்மா இப்போதே அவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

"அழுத்துடி!" என்று பின்னால் நின்ற வகுப்புத் தோழிகள் கத்தினார்கள்.

"எனக்குத் தைக்கத் தெரியாது சார். பட்டம் வாங்கிட்டா மட்டும் தெரிஞ்சிடுமா?" என்று தணிகாசலத்திடம் சொல்லி விரலை அழுத்தினாள். முத்திரை விழுந்தது.

"இது செல்லாது!" என்று ஆணையர் துள்ளினார்.

"செல்லாதுன்னு நேர்ல வந்து சொல்லுங்க சார்," என்றாள் நிறைமதி.